முத்துவேலின் மூக்கும் டாக்டர் நிஸ்தாரும்

செய்தி வந்தபோது நான் இருட்டறைக்குள் இருந்தேன். மருந்துத் தொட்டியில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே படம் கிடந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். "திறக்காதே, படம் கெட்டுப்போயிடும்!" என்று கத்தினேன். வெளியே நின்ற ஊழியர் கதவோடு வாயை வைத்துச் சொன்னார்: "தம்பி, நம்ம டாக்டர் நிஸ்தார் மௌத்தாயிட்டாராம். காலையில, பண்டாரவளை வீட்டுலயே. நெஞ்சு வலின்னாராம், அவ்வளவுதானாம்."

சிவப்பு விளக்கின் கீழே அப்படியே நின்றேன். ஆனால் படத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வரவில்லை. அது எங்கோ மேட்டுத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்ணுடைய படம். கெட்டுப்போனால் அவள் இன்னொரு நாள் வேலையை விட்டு வர வேண்டும். படம் தெளியும் வரை பார்த்திருந்து, அலசித் தொங்கவிட்ட பிறகுதான் கதவைத் திறந்தேன். கல்நெஞ்சன் என்று சிலர் சொன்னார்களாம். சொல்லட்டும். டாக்டர் இருந்திருந்தால், படம் நன்றாக வந்ததா என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

அன்றைக்கே மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பண்டாரவளையில் அடக்கினார்கள். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பள்ளிவாசல் சுவருக்கு வெளியே தோட்டத்துச் சனம் திரண்டு நின்றதையும் பார்த்திருப்பீர்கள். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் தலைத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். டாக்டரின் சொந்தக்காரர் ஒருவர் வந்து, "ஏன் வெளியில நிக்கிறீங்க? வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் அசைந்தார்கள். ஐம்பதைத் தாண்டாத வயது டாக்டருக்கு. இந்த ஊரில் அந்த வயதுக்குள் இத்தனை பேருடைய காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் எட்டிப் பார்த்த ஆள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத்தார் நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள். "நல்லதாக நாலு வரி போதும்" என்றார்கள். எனக்கு நாலு வரியில் நிறுத்த வராது. நல்லதாக மட்டும் எழுதவும் வராது. நானும் அவரும் சண்டை பிடித்த நாட்கள்தான் அதிகம். ஆகவே சண்டைகளைத்தான் எழுதப் போகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டாக்டர் நிஸ்தார் பண்டாரவளைப் புடவைக் கடைக் குடும்பத்துப் பிள்ளை. பதுளையில் எங்கள் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை பார்த்தார். நான் அங்கே எக்ஸ்ரே எடுப்பவன். கொழும்பில் படித்து முடித்துச் சுடச்சுட வந்திருந்தேன். மனித உடம்பில் ஒளித்து வைக்க இனி எதுவும் இல்லை, கருவி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்பது என் கட்சி. படத்தாளுக்கு நாட்டில் தட்டுப்பாடான காலம் அது. அதனால்தான் இவர் படம் கேட்கத் தயங்குகிறார் என்று நினைத்தேன். பிறகு தாள் தாராளமாக வந்தபோதும் அவர் அதே அளவுதான் கேட்டார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. "வாங்க படக்காரரே" என்பார்.

முதல் சண்டை புதன்கிழமைக் கிளினிக்கில் நடந்தது. சீழ் வடியும் காதோடு இருவர் வந்தார்கள். ஒருவர் பதுளைக் கடைவீதியில் கடை வைத்திருப்பவர். மற்றவர் நமுனுகுல மலைப்பக்கம் கொழுந்தெடுக்கும் பெண். இருவருக்கும் செவிப்பறையின் நடுவே ஓட்டை. படமும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்காரருக்குக் காதைச் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். அந்தப் பெண்ணை வார்டில் படுக்கச் சொல்லி எழுதினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், ரெண்டும் ஒரே காது. ஒருத்தருக்கு வீடு, ஒருத்தருக்கு வார்டா?"

"ஒரே காதுதான். ஒரே ஊரா?"

"ஊருக்கும் காதுக்கும் என்ன சேர்?"

"முதலாளிக்கு ராத்திரி காய்ச்சல் வந்தா காலையில கடை திறக்க முந்தி இங்க வந்து நிப்பார். இவங்களுக்குக் காதுக்குப் பின்னால வீங்கிச்சுன்னு வைங்க. தோட்டத்து மருந்துக்காரர்கிட்ட துண்டுச் சீட்டு வாங்கணும். மலை இறங்கணும். பசறை பஸ்ஸுக்கு நிக்கணும். அது வந்தா உண்டு. நான் காதுக்கு மட்டும் முடிவெடுக்கல, படக்காரரே. பஸ்ஸையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறேன்."

"இப்படி எந்தப் புத்தகத்திலயும் இல்லை."

"புத்தகம் எழுதினவர் பசறை பஸ்ஸில ஏறியிருக்க மாட்டார்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்படிப் பார்த்தால் மலையிலிருந்து வரும் காதெல்லாம் வார்டுக்குத்தான் போகும், கட்டில் எங்கே என்று கேட்டேன். "அதுவும் சரிதான்" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பி, கூடைக் கயிற்றைத் தலையில் எப்படி மாட்டுவாள், மழையில் துணியை எப்படிக் கட்டுவாள் என்று செய்து காட்டச் சொன்னார். காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்று மழைக்குள் வேலை செய்கிறவளிடம் வெறும் வாயால் சொல்லி என்ன பயன்? வஸ்லின் தடவிய பஞ்சை எப்படி வைத்தால் கயிறு இழுக்கும்போது கழன்று விழாது என்று அவள் தலையிலேயே வைத்துப் பார்த்தார். கட்டில் பிரச்சினைக்கு மட்டும் அவர் கடைசி வரை பதில் சொல்லவில்லை.

அவர் எப்போதும் சரியாக இருந்தார் என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஒரு தடவை பசறையிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் தொண்டையில் மீன் முள் நிற்கிறது என்று அழுதார். டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. முள் கீறிவிட்டுப் போயிருக்கும், கீறின இடம் முள் நிற்பது போலவே குத்தும், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். பெரும்பாலும் அப்படித்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மாள் விரல் வைத்துக் காட்டிய இடம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே இருந்தது. சீட்டு இல்லாமலே கூட்டிக்கொண்டு போய்க் கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். கண்ணாடிக்கு எட்டாத ஆழத்தில் ஒரு தடித்த முள் குறுக்கே கிடந்தது. படத்தைக் கொண்டுபோய் மேசையில் போட்டேன். மரியாதையாகப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கதவைத் திறந்து வெளியே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "நான் இல்லைன்னு சொன்ன முள் இருக்கு. படக்காரர் கண்டுபிடிச்சிட்டார். அந்த அம்மாவைக் கூப்பிடுங்க" என்றார். அவருக்கு அதில் கொஞ்சமும் கூச்சமில்லை. கூச்சம் எனக்குத்தான் வந்தது. சண்டைக்குத் தயாராகப் போனவனுக்குச் சண்டை கிடைக்கவில்லை.

இனி முத்துவேல். இதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம் எழுதினேன்.

முத்துவேல் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சுருட்டி நசுக்கிய கொழுந்தைப் பரப்பிப் பதப்பட விடுகிற அறை அவர் பொறுப்பு. பச்சை வாடை போய், பழ வாசம் ஏறி, அது புளிப்புக்குத் திரும்புவதற்குச் சற்று முன்னால் "எடு" என்று அவர் சத்தம் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் கொழுந்து அடுப்புக்குப் போகும். முந்தினால் தேநீர் பச்சையாகக் கசக்கும். பிந்தினால் சப்பென்று போய்விடும். சுவரில் மணிக்கூடு இருக்கிறதுதான். ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் பதம் மாறும். டீமேக்கர், அதாவது தொழிற்சாலையை நடத்தும் உத்தியோகத்தர், மணிக்கூட்டைவிட முத்துவேலின் மூக்கைத்தான் நம்பினார்.

அவர் தம் மனைவி வள்ளியம்மாவோடு வந்தார். "மூக்கடைப்புங்க. படுத்தா தூக்கம் வரல" என்றார். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் உரித்த திராட்சை போலச் சதை தொங்கியது.

"வாசம் தெரியுதா?"

"தெரியுதுங்க. நல்லாவே தெரியுது." பதில் கேள்விக்கு முன்னால் வந்துவிட்டது. வள்ளியம்மா சுவரைப் பார்த்தார்.

டாக்டர் வாசம் பார்க்கத் தைலமோ கற்பூரமோ வைக்க மாட்டார். அவை செத்த மூக்கிலும் எரியும், எரிச்சலை ஆட்கள் வாசம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பார். கோப்பித்தூள், மல்லிகைப்பூ, கருவாடு என்று மூன்றைத் தனித்தனியாகக் கடுதாசியில் மடித்து, கிளினிக் தாதி குசுமா மிஸ்ஸி ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்தார். முத்துவேல் மூன்றையும் சரியாகச் சொன்னார். டாக்டருக்கு மகிழ்ச்சி. "நரம்பு நல்லா இருக்கு. வழி மட்டும்தான் அடைச்சிருக்கு" என்றார்.

டாக்டர் கேட்டு அப்போதுதான் எடுத்த முத்துவேலின் படத்தை ஈரத்தோடு கையில் பிடித்தபடி நான் வாசலில் நின்றிருந்தேன். நிற்கப் பொறுமை இல்லாமல் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துவேல் சாமி கும்பிடுகிறவர் போலக் கண்ணை மூடியிருந்தார். முழுதாக மூடவில்லை. இமைக்குக் கீழாக மிஸ்ஸியைப் பார்த்தார். கருவாட்டைப் பிடித்தபோது மிஸ்ஸி முகத்தைத் திருப்பினார். மல்லிகையைத் தானே ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் நீட்டினார். மீதி என்ன என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்?

"சேர், இது செல்லாது" என்றேன்.

"என்ன செல்லாது?"

"அவர் மூக்கால சொல்லல. மிஸ்ஸி மூஞ்சியைப் பார்த்துச் சொல்றார்."

"ஐயோ, என் மூஞ்சி என்ன செஞ்சது!" என்றார் மிஸ்ஸி.

டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஆமாம் ஆமாம். நான் அவரையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அவர் எதைப் பார்க்கிறார்னு பார்க்கல. கண்ணைக் கட்டுங்க. படக்காரரே, இந்தத் தடவை நீங்க பிடிங்க. உங்க மூஞ்சியில எந்தக் காலத்திலயும் எதுவும் தெரிஞ்சதில்ல."

பட்டித் துணியால் கண்ணைக் கட்டினோம். பெஞ்சில் இருந்தவர்களை வாய் திறக்க வேண்டாம் என்றோம். நான் கருவாட்டை நீட்டினேன். முத்துவேல் நெடுநேரம் முகர்ந்தார். "மல்லிகப்பூவுங்க" என்றார்.

பெஞ்சு வெடித்துச் சிரித்தது. "அண்ணே, அந்தப் பூவ அண்ணி தலையில வச்சு விட்றாதீங்க!" என்றது ஒரு குரல். வள்ளியம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்த வாயைச் சேலைத் தலைப்பால் மூடியவர் அப்படியே அழ ஆரம்பித்தார். முத்துவேல் கண்கட்டை அவிழ்க்கவில்லை. கட்டின கண்ணோடு கையைத் தொடையில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பெஞ்சிலிருந்தவர்களை வெளியே அனுப்பினார்.

"எல்லாத்தையும் சொல்லிப்புடுங்க" என்றார் வள்ளியம்மா. "ஐயா, அடுப்புல சோறு தீஞ்சாக்கூட இந்த மனுசனுக்குத் தெரியல. உப்பில்ல ஒறப்பில்லன்னு என்னையத்தான் ஏசுறாரு."

முத்துவேல் மெதுவாகச் சொன்னார். "மூக்கு போயிருச்சுன்னு நீங்க எழுதிட்டீங்கன்னா என்னைய மலையில போட்ருவாங்கய்யா. புல்லு வெட்டுறது கேவலம்னு சொல்லல. ஆனா அந்த ரூம்புக்கு வெளிய எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இப்ப நெறத்தப் பாத்து, பொறங்கையால சூடு பாத்து ஓட்டிக்கிட்டு இருக்கேன். வெயில் நாள்ல சரியா வருது. மழ நாள்ல கண்ணு ஏமாத்திப்புடுது. போன மழையில ஒரு பரப்பு புளிச்சுப் போச்சு. டீமேக்கர் ஐயா ஒண்ணும் சொல்லல. ஒரு பார்வ பார்த்தாரு. இன்னொரு தடவ புளிச்சா சொல்லுவாரு."

"தோட்டத்துக்கு நான் என்ன எழுதுறதுங்கிறது என் பாடு" என்றார் டாக்டர். "என்கிட்ட உள்ளதைச் சொல்றது உங்க பாடு. நீங்க பொய் சொன்னா, நான் இல்லாத ஒரு மூக்குக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

தோட்டத்துக்குப் போகும் துண்டுச் சீட்டில் மூக்கடைப்பு என்று மட்டும் எழுதினார். அவர்கள் போன பிறகு, அது முழு உண்மையில்லையே என்றேன். "மூக்கு அடைச்சிருக்கா இல்லையா?" என்றார். அடைத்திருக்கிறது என்றேன். "அப்ப அவங்களுக்கு அது போதும்" என்றார். அது சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. புளித்த தேயிலைக்கு யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்?

பெரிய சண்டை படத்தின் மேல் வந்தது. கன்னத்து எலும்பின் உள்ளறைகள் இரண்டும் என் படத்தில் வெள்ளையாக இருந்தன. காற்று நிற்க வேண்டிய இடம் முழுக்கச் சதையும் சளியும். மேலுதட்டுக்குக் கீழே ஈறைக் கிழித்து, எலும்பைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுத்தம் செய்ய வேண்டியதுதான் என்றேன்.

"செஞ்சா வாசம் வந்திடுமா?" என்றார்.

"அடைப்பு போனா வரத்தானே வேணும்?"

"அடைப்பு எங்க இருக்குன்னு உங்க படம் சொல்லுது. வாசம் பிடிக்கிற நரம்பு உயிரோட இருக்கான்னு சொல்லுதா?"

சொல்லவில்லை. எந்தப் படமும் சொல்லாது.

"எனக்கும் தெரியாது" என்றார். "தெரியாம வெட்டினா, மூச்சு வரும், வாசம் வராமப் போகலாம். அவருக்கு வேண்டியது மூச்சு இல்ல. தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு."

வீக்கத்தை வற்ற வைக்கும் ஸ்டீரொயிட் மாத்திரையைச் சில நாளைக்குக் கொடுத்துப் பார்ப்பது அந்த வழி. சதை சுருங்கும். அப்போது வாசம் வந்தால் நரம்பு உயிரோடு இருக்கிறது, வெட்டுவதில் அர்த்தமுண்டு. வராவிட்டால் வெட்டி அவரை ஏமாற்றக் கூடாது. தோட்டத்தில் அவருக்கு வேறு வேலைக்குத்தான் வழி தேட வேண்டும். மாத்திரையை எடுத்த எடுப்பில் கொடுத்துவிடவும் முடியாது. அது உடம்பின் காவலைத் தளர்த்திவிடும். ஒளிந்திருக்கிற காசநோய் எழும்பும், வயிற்றுப் புழு பெருகும். ஆகவே முதலில் நெஞ்சுப் படம், மலப் பரிசோதனை. நெஞ்சு சுத்தம். வயிற்றில் புழு இருந்தது. அதற்கு மருந்து கொடுத்து, மறுபடி பார்த்து, பிறகுதான் மாத்திரை. இவ்வளவு இழுத்தடிப்பதற்கு இரண்டு தடவை வெட்டியிருக்கலாமே என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

கொடுக்கும்போது டாக்டர் சொன்னார்: "வாசம் வரலாம். வந்தா கொஞ்ச நாள்ல திரும்பப் போயிடும். போகும்போது என்னை ஏசக் கூடாது."

"வரட்டுங்க முதல்ல" என்றார் முத்துவேல்.

அடுத்த கிளினிக்குக்கு அவர் வந்தபோது கண் கட்டும் துணி, கடுதாசிப் பொட்டலம் எல்லாம் தயாராக இருந்தன. வாசலைத் தாண்டினவர் நின்றார். என் பக்கம் திரும்பினார். முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒங்க மேல என்ன இப்புடி ஒரு புளிச்ச வாட? கெட்டுப்போன கொழுந்து கணக்கா?"

படம் கழுவும் மருந்தின் வாடை. என் கையிலும் சட்டையிலும் ஊறிப்போனது. எனக்கே தெரியாது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "படக்காரரே, நாங்க எல்லாரும் மரியாதைக்காக இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தோம்!"

"எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார் மிஸ்ஸி.

பொட்டலத்துக்கு வேலையே இருக்கவில்லை. முத்துவேல் கண்ணைத் தானாக மூடிக்கொண்டு அறையைச் சுற்றி முகர்ந்தார். ஸ்பிரிட் என்றார். நனைந்த குடை என்றார். மிஸ்ஸியின் தேங்காயெண்ணெய் என்றார். யாரோ வெளியில் தோடம்பழம் உரிக்கிறார்கள் என்றார். நான் எட்டிப் பார்த்தேன். வெளிப் பெஞ்சின் கோடியில் ஒரு பெண் தன் பிள்ளைக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிச் சிரித்தோம். வள்ளியம்மா மட்டும், "இனி என் சமையல்ல நெசமாவே குத்தம் கண்டுபிடிப்பாரே" என்று அலுத்துக்கொண்டார்.

சிரித்து முடித்ததும் சங்கடம் தொடங்கியது. முத்துவேலுக்குக் கத்தி வேண்டாம், மாத்திரை போதும். "இதையே குடுத்துக்கிட்டு இருங்கய்யா, காலத்துக்கும் சாப்புடுறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காலத்துக்கும் சாப்பிட்டால் எலும்பு உளுத்துப்போகும், சீனி வியாதி வரும், தரமாட்டேன் என்றார் டாக்டர். முத்துவேல் கோபித்துக்கொண்டு போனார். வாசம் இருந்த நாட்களில் நன்றாக வேலை செய்தார். பிறகு, சொன்னபடியே அது போயிற்று. அடுத்த புதன்கிழமை திரும்பி வந்து, ஏசக் கூடாது என்று டாக்டர் சொன்ன ஏச்சையெல்லாம் ஏசினார். "காட்டிப்புட்டுப் புடுங்கிக்கிட்டீங்களேய்யா!" டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். ஏச்சு ஓய்ந்ததும், "இப்ப நரம்பு உயிரோட இருக்குன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இனி வெட்டலாம். முழு வாசமும் வருமான்னு மட்டும் எனக்குத் தெரியாது" என்றார். முத்துவேல் வள்ளியம்மாவைப் பார்த்தார். "என்னைய ஏன் பாக்குறீங்க? ஒங்க மூக்கு" என்றார் அவர்.

ஈறைக் கிழிக்கவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கை மரத்துப்போகச் செய்து, கம்பிச் சுருக்கால் ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தார். "மண்டைக்குள்ள யாரோ முள்ளங்கி புடுங்குற மாதிரி இருந்துச்சு தம்பி" என்று பிறகு முத்துவேல் என்னிடம் சொன்னார். முதல் நாட்களில் புண்ணும் வீக்கமுமாக ஒரு வாசமும் இல்லை. வார்டில் யாரோடும் பேசாமல் படுத்திருந்தார். டாக்டரும் அந்த நாட்களில் என்னோடு அதிகம் வாயாடவில்லை. பிறகு பொருக்குக் கழன்றது. ஒரு காலை வார்டுத் தேநீரை வாய்க்குக் கொண்டுபோன முத்துவேல், "இது என்ன தூளு, குப்பத் தூளு" என்றார். அதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் எங்களைத் தவிர யாரும் இருக்க முடியாது.

வேலைக்குத் திரும்பி முதல் மழை நாளில் நடந்ததை அவரே வந்து சொன்னார். பரப்பின் நிறம் இன்னும் ஆகவில்லை என்று கண் சொல்லியிருக்கிறது. மூக்கு ஆகிவிட்டது என்றிருக்கிறது. "எடு" என்று சத்தம் போட்டார். டீமேக்கர் ஓடி வந்தார். ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல், பார்வையும் பார்க்காமல் போய்விட்டார். "அம்புட்டுதான் தம்பி. அது போதும்" என்றார் முத்துவேல்.

இன்றைக்கும் என் கட்சி வேறு. ஈறு வழியாகத் திறந்து முழுவதையும் எடுத்திருந்தால் சதை திரும்ப வளர இன்னும் காலமாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படித் திறந்தாலும் வளரும், கன்னம் மரத்துப்போனது மட்டும் மிச்சமாக நிற்கும் என்பார். இரண்டு மூன்று வருடத்தில் கொஞ்சம் வளரத்தான் செய்தது. மறுபடியும் இழுத்தெடுத்தார். "பார்த்தீங்களா சேர்?" என்றேன். "பார்த்தேன். திரும்பி வந்தார், பார்த்தோம், எடுத்தோம், போனார். இதில என்ன குறை?" என்றார். அந்தச் சண்டை தீரவில்லை. இனித் தீராது.

அடக்கம் முடிந்த அடுத்த புதன்கிழமை காலையில் எக்ஸ்ரே வாசலில் முத்துவேல் நின்றார். வெள்ளை வேட்டி, வாரிய தலை. அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கிளினிக்கில் முன்பின் தெரியாத டாக்டர் ஒருவர் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறார். எனக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது. "டாக்டர் போன வாரம் இறந்துட்டார்" என்றேன்.

சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலை கிடந்தது, கிடக்கட்டும் என்று இருந்தேன்.

"இந்தத் தடவ ஒண்ணுமில்ல தம்பி" என்றார். "மூக்கு நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்குன்னு காட்டிட்டுப் போவோம்னுதான் வந்தேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "வந்ததுக்கு ஒரு படம் எடுத்து வச்சுக்குவோமா? புது டாக்டர் கேட்டா காட்டலாமில்ல? இனி யாருகிட்ட என்னன்னு சொல்றது?"

எடுத்திருப்பேன். கையில் தாள் இருந்தது, கருவி சும்மா இருந்தது. எடுத்திருந்தால் அவருக்கும் ஆறுதல், எனக்கும் அவருக்காக ஏதோ செய்தோம் என்றிருக்கும். எடுத்தால் என்ன தெரியும் என்று யோசித்தேன். உள்ளே எங்காவது கொஞ்சம் வெள்ளையாக இருக்கும். எப்போதும் இருக்கும். அதைப் பார்த்துத் தெரியாத டாக்டர் ஒருவர் பயப்படுவார். நன்றாக இருக்கிற மூக்கை யாராவது திறப்பார்கள்.

"மூச்சு வருதா?" என்று கேட்டேன்.

"வருது."

"வாசம்?"

"நீங்க பக்கத்துல ஒக்காந்திருக்கீங்களே, தெரியாமயா?"

"அப்ப படம் வேணாம்" என்றேன். "வேலைக்குப் போங்க. மழை நாள்ல தடுமாறினா அன்னைக்கே வாங்க. நானே கூட்டிக்கிட்டுப் போய், வெட்டறதுக்கு முந்தி என்ன பார்க்கணும்னு அந்த டாக்டர்கிட்ட சொல்றேன். கேக்கலைன்னா சண்டை பிடிக்கிறேன்."

பசறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். டாக்டர் நிஸ்தாரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த "வேணாம்" ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டு, அதன் பொறுப்பைத் தலையில் சுமந்துகொண்டு மறுபடியும் இருட்டறைக்குள் போவது படம் எடுப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.